கண்ணாடி உருண்டை, பித்தளை பம்பு, செம்பு உருளை: ஏற்காட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையின் பழைய தோட்ட பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகிவருகின்றன. அப்போது முதலில் காலியாவது குடோன். காப்பிக்கொட்டை மூட்டை, கால் உடைந்த மேஜை, பெட்ரோமாக்ஸ் லைட் இவற்றுக்கு நடுவே சில இடங்களில் பழைய தீயணைப்பான்களும் கிடைக்கின்றன. புளி போட்டுத் தேய்த்து வரவேற்பறையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். இந்த ஆய்வில் வரும் பங்களாவிலும் அப்படித்தான் தோன்றியது. இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

கிடைத்தவை மொத்தம் 11. சுவரில் இரும்புத் தாங்கியோடு மாட்டியிருந்த கண்ணாடி உருண்டைகள் 6. ஒரு முழ நீளப் பித்தளை பம்புகள் 2. ரிவெட் அடித்த செம்பு உருளைகள் 2. தலையில் குமிழ் வைத்த கூம்பு 1. எல்லாவற்றுக்கும் பெயர் தீயணைப்பான்தான் என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல, ஆபத்தும் ஒன்றல்ல. உருண்டையும் பம்பும் மூச்சு வழியாக ஈரலைத் தாக்கும். உருளையும் கூம்பும் அமிலத்தால் சுடும், அழுத்தத்தால் வெடிக்கும். இந்தப் பிரிவினையைச் செய்வதற்கு முன்பே துடைக்க ஆரம்பித்ததுதான் இங்கே நடந்த தவறு. அதே நாளில் இரண்டு விபத்துகள் நூலிழையில் தவிர்ந்தன.

முதல் தவறு: பம்பை அடித்துப் பார்த்தது

பித்தளை பம்பைக் குலுக்கினால் உள்ளே திரவம் சளசளக்கும். இந்த வகை 1910களில் அமெரிக்காவின் பைரீன் கம்பெனி பரப்பியது. பிறகு பல நாடுகளில் பல பெயர்களில் வந்தது. பெரும்பாலும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் டெட்ராகுளோரைடு பிடிக்கும். சுருக்கமாக சி.டி.சி. சைக்கிள் பம்பு போலக் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் பீய்ச்சும். மின்சாரத் தீக்கும் மோட்டார் கார் எஞ்சின் தீக்கும் நல்லது என்று அந்தக் காலத்தில் ஜீப்பிலும் ஜெனரேட்டர் அறையிலும் மாட்டினார்கள்.

சுத்தம் செய்ய வந்த இளைஞர் ஒருவர் குடோனுக்குள்ளேயே இரண்டு அடி அடித்தார். பம்பு வேலை செய்தது. சுவரில் பட்ட திரவம் ஈரம் தெரியாமல் சில நிமிடங்களில் மறைந்தது. பட்ட இடத்தில் மரச் சட்டத்தின் பழைய வார்னிஷ் மட்டும் கரைந்து வழிந்திருந்தது. "ஒண்ணுமில்லைங்கண்ணா, ஸ்பிரிட் மாதிரி இனிப்பா ஒரு வாசம், அவ்வளவுதான்" என்றார். ஆபத்து இந்த இனிப்பு வாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது. சி.டி.சி.யின் வாசம் மூக்குக்கு எட்டும்போதே அளவு பெரும்பாலும் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருக்கும். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு 8 மணி நேர வேலைக்குச் சொல்லும் வரம்பு 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு ஆவி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்படும் அளவு 200 பி.பி.எம்.

கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். குடோன் 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். சுமார் 29 கன மீட்டர் காற்று. இரண்டு அடியில் 100 மி.லி. வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 159 கிராம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, ஆவி கொஞ்சம் கூடுதலாகவே விரியும்: ஏறக்குறைய 30 லிட்டர். கதவு சாத்தியிருந்தால் அறை முழுக்க 1,000 பி.பி.எம். இது சமமாகப் பரவினால் வரும் கணக்கு. உண்மையில் சமமாகப் பரவாது. இந்த ஆவி காற்றைவிட 5 மடங்கு கனம், தரையில்தான் தேங்கும். குனிந்து கூட்டுபவருக்கும், தரையில் உட்கார்ந்து புளி தேய்ப்பவருக்கும் நின்றுகொண்டிருப்பவரைவிட அதிகம் கிடைக்கும். ஒரு கண்ணாடி உருண்டை முழுதாக அதே அறையில் உடைந்திருந்தால் 5,000 பி.பி.எம்.மைத் தாண்டியிருக்கும்.

குடோன் கதவு திறந்திருந்தது, காற்றும் இருந்தது. அன்று பக்கத்து அறையின் கணப்பு எரியவில்லை என்பது இன்னொரு அதிர்ஷ்டம். சி.டி.சி. ஆவி நெருப்பிலோ செக்கச் சிவந்த இரும்பிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. உயிராபத்து அளவு வெறும் 2 பி.பி.எம். சுவாசித்தவர் முதலில் லேசாக இருமிவிட்டு நன்றாகவே இருப்பார். சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்து, நுரையீரலில் நீர் கோக்கும். விறகடுப்பு, கேஸ் அடுப்பு, வெந்நீர் பாய்லர், ஊதுவத்தி, பீடி எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. பட்டறைக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். காலி என்று வாங்கிய பித்தளை பம்பை விளக்குத் தண்டாக மாற்ற கேஸ் டார்ச்சை வைத்துப் பற்றவைப்பவர், தோல் வாஷரில் ஊறிக்கிடக்கும் மிச்சத்தைத்தான் சூடாக்குகிறார்.

உடம்புக்கு என்ன பார்க்க வேண்டும்

இளைஞருக்கு அரை மணி நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தன. வெளிக்காற்றில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி, கை முகம் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியதும் சரியாகிவிட்டது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தலைச்சுற்றல் போனதும் விஷம் போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. ஈரல் பாதிப்பு 1 முதல் 4 நாளுக்குள் தலைகாட்டும். சிறுநீரகம் அதற்கும் பிறகு. ஆகவே அன்றே கீழே சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ஈரல் நொதிகளும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்து, சில நாள் விட்டு மீண்டும் பார்க்கச் சொல்லப்பட்டது. மருத்துவரிடம் "பழைய மருந்து வாசம் பிடிச்சிட்டார்" என்று சொன்னால் பயனில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற பெயரையும், எவ்வளவு நேரம் சுவாசித்தார் என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்தால்தான் ஈரலைக் காக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன் மருந்தைக் கொடுப்பதா என்று அவர் யோசிக்க முடியும். அட்ரினலின் போன்ற மருந்துகளில் எச்சரிக்கையாக இருக்கவும் முடியும். இந்த ஆவி இதயத் துடிப்பை அவற்றுக்கு எளிதில் தடுமாற வைக்கும்.

வீட்டு வைத்தியத்தில் இரண்டை நிறுத்தியே ஆக வேண்டும். விஷம் என்றால் பால் கொடு, விளக்கெண்ணெய் கொடு என்பார்கள். வாய்வழி போயிருந்தால் கொழுப்பு இதை உடம்பு இழுத்துக்கொள்வதை அதிகமாக்கும். வாந்தி வரவழைப்பதும் கூடாது. இரண்டாவது, தலைவலிக்குப் பாராசிட்டமால். ஈரலில் ஏற்கெனவே சுமை ஏறியிருக்கும்போது அது இன்னொரு சுமை. எல்லாவற்றையும்விட மோசமானது மது. சி.டி.சி.யை நச்சாக மாற்றும் ஈரல் நொதியை மது பெருக்கிவிடும். தினம் குடிப்பவருக்கு, அதே அளவு ஆவி அடுத்தவரைவிடப் பல மடங்கு கெடுதி செய்யும். "சாயங்காலம் ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று சொன்னவர் ஒருவர் அங்கேயும் இருந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே குடிப்பழக்கம் உள்ளவரையும் ஈரல் நோய் உள்ளவரையும் ஒதுக்கிவைப்பது நல்லது. கேட்கச் சங்கடமான கேள்வி, ஆனாலும் கேட்க வேண்டும்.

இரண்டாவது தவறு: அடியைக் கழுவக் கவிழ்த்தது

செம்பு உருளையின் கதை வேறு. இது சோடா-அமில வகை. 9 லிட்டர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். நம் ஆப்ப சோடாதான், சுமார் 680 கிராம். மேலே கம்பிக் கூண்டில் கந்தக அமிலப் பாட்டில், ஏறக்குறைய 120 மி.லி. பாட்டிலின் வாயில் ஈய மூடி திருகப்பட்டிருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். கவிழ்த்தால் மூடி விழும், அமிலம் சோடாவில் கொட்டும், கரியமில வாயு பொங்கித் தண்ணீரைக் குழாய் வழியே தள்ளும். கவிழ்ப்பதே இதன் சுவிட்ச். இது தெரியாத ஒருவர் கல் திண்ணையில் அடியைத் தேய்க்க உருளையைத் தலைகீழாக நிறுத்தினார்.

உள்ளே தண்ணீர் பாதிக்கு மேல் ஆவியாகியிருந்தது. அமிலம் மட்டும் ஆவியாகாது. கந்தக அமிலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், தானாகக் குறையாது. 60 வருடம் ஆனாலும் பாட்டிலில் அது இருக்கும். சோடா காய்ந்து நாசிலில் கல்லாக அடைத்திருந்தது. வாயுவுக்குப் போக வழியில்லை. உஸ்ஸென்று மூடி ஓரத்தில் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடினார்கள். பழைய தோல் வாஷர் வழியே வாயு கசிந்து அடங்கியது. வாஷர் நல்ல நிலையில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முழு அளவு அமிலம் வினைபுரிந்தால் வரும் வாயு சுமார் 100 லிட்டர். தண்ணீர் நிறைய இருந்தால் ஒரு பகுதி அதில் கரையும். அப்போதும் அடைபட்ட உருளைக்குள் 10 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போகும். தண்ணீர் குறைந்து சோடா கட்டியாகிக் கிடந்தால் எவ்வளவு வேகமாக, எங்கே அழுத்தம் கூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிவெட்டும் ஈயப் பற்றும் வைத்து மூடிய மெல்லிய செம்புத் தகடு உள்ளே அரித்து எவ்வளவு இளைத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. புதிதாக இருந்த காலத்திலேயே அடிப்பாகம் பிய்த்துக்கொண்டு பறந்து ஆள் இறந்த விபத்துகள் உண்டு. அமெரிக்காவில் 1969-இல் கவிழ்ப்பு வகை உற்பத்தியை நிறுத்தினார்கள். 1982 ஜனவரி 1-க்குள் பணியிடங்களிலிருந்து அகற்றச் சட்டமே போட்டார்கள்.

கூம்பு வகையில் கவிழ்க்கத் தேவையில்லை. தலையில் உள்ள குமிழை ஓங்கித் தட்டினால் உள்ளே மூடி முத்திரையிட்ட அமிலக் குப்பி உடையும். ஆகவே அதன் எதிரி தூக்கும்போது கை நழுவுவதும், குமிழின் மேல் ஏதாவது விழுவதும். குமிழுக்கும் மூடிக்கும் இடையே உள்ள தண்டில் இரண்டு மரத்துண்டுகளை வைத்துக் கயிறு சுற்றிக் கட்டினார்கள். குமிழ் இறங்க வழியில்லை. ஒரு ரூபாய் செலவில்லாத ஏற்பாடு, மற்ற வேலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அமிலத்தை எடுத்தது

மறுநாள் உரிமையாளரின் அக்கா மகன் சேலத்திலிருந்து வந்தார். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். "ஆசிட்டு நமக்குப் புதுசா மாமா, பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி நீர்க்கப் பண்ணிட்டாப் போச்சு" என்றார். பட்டறையில் அவர் புழங்குவது பெரும்பாலும் நைட்ரிக் அமிலம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் முகம் போகும். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84. மேலே ஊற்றும் தண்ணீர் கலக்காமல் மிதந்து, தொடும் இடத்திலேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், நூல் போல.

கவிழாத உருளையை நிமிர்ந்த நிலையிலேயே மரப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் சாக்கு திணித்து, முற்றத்தின் நிழலுக்கு எடுத்துவந்தார்கள். முகக் கவசம், அதற்குள் கண்ணாடி, முழங்கை வரை அமிலம் தாங்கும் தடித்த ரப்பர் உறை, ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன். பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய், பக்கெட்டில் நிறைத்த தண்ணீர் போதாது. நாசில் யார் பக்கமும் நோக்காதபடி திருப்பினார்கள். நாசிலைக் கம்பியால் குத்தவில்லை. அடைப்பு திடீரென்று விட்டால் எதிரே இருப்பவருக்குத்தான் அடி.

மூடியைத் திறப்பதில்தான் பொறுமை வேண்டும். இந்த மூடிகளின் மரைப் பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும். மூடி முழுதாகக் கழல்வதற்கு முன் உள்ளழுத்தம் அதன் வழியே வெளியேறும். ஒரு சுற்று திருப்பி 5 நிமிடம், இன்னொரு சுற்று, மறுபடி 5 நிமிடம். துளைகளும் அடைத்திருக்கலாம் என்பதால் மூடிக்கு நேர் மேலே தலை போகக் கூடாது. பக்கத்தில் நின்று பெல்ட் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். இறுகிக்கிடந்தால் சுத்தியல் வேண்டாம், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் திறக்காமலேயே ஒப்படைக்க வேண்டியதுதான்.

மூடி வந்ததும் கூண்டைச் சாய்க்காமல் நேராக மேலே தூக்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தார்கள். ஈய மூடியின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அது ஈய உப்பு, ஊதக் கூடாது, ஈரத்துணியால் எடுத்துத் தனிப் பையில் போட வேண்டும். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, பாட்டில் அமிலத்தை மெல்லிய தாரையாகக் கலக்கிக்கொண்டே ஊற்றினார்கள். இந்த அளவுத் தண்ணீரில் சூடு 3, 4 டிகிரிதான் ஏறும். 2 லிட்டரில் ஊற்றியிருந்தால் 20 டிகிரி ஏறும். பிறகு ஆப்ப சோடா. 120 மி.லி. அமிலத்துக்குக் கணக்குப்படி 350 கிராம் போதும், கையில் 500 கிராம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கரண்டி போட்டு நுரை அடங்கிய பிறகு அடுத்த கரண்டி. நுரைப்பு நின்று, பி.எச். தாள் 6-க்கும் 8-க்கும் நடுவே காட்டினால் முடிந்தது. சுண்ணாம்பும் அமிலத்தை முறிக்கும், ஆனால் அடியில் சேறாகத் தங்கி வேலையை இழுக்கும். மரத்தூளைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, அடர் அமிலம் அதைக் கருக்கிவிடும்.

உருளையில் மிஞ்சிய சோடாத் தண்ணீர் நீலம் தட்டியிருந்தது. செம்பு கரைந்திருக்கிறது, ஈயமும் இருக்கும். காப்பிச் செடிக்கு ஊற்றிவிடலாம் என்ற யோசனையை உரிமையாளரே விட்டுவிட்டார். அது கேனில் அடைபட்டு மற்றவற்றோடு சேர்ந்தது. மும்முறை அலசிய உருளைகளின் அடியில் ஒரு விரல் நுழையும் துளை போட்டாயிற்று. சேகரிப்பாளர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். பத்து வருடம் கழித்து யாரோ ஆசைக்கு நிரப்பிப் பார்க்காமல் இருக்க வேறு வழியில்லை. கூம்பைத் திறக்கவில்லை. முத்திரைக் குப்பி தண்டின் முனையை ஒட்டியே இருக்கும், மூடி சுழலும்போது உடையலாம்.

உருண்டையில் என்ன இருக்கிறது

எல்லாக் கண்ணாடி உருண்டையிலும் சி.டி.சி. இருக்காது. 1880களில் வந்த நீலக் கண்ணாடி வகைகளில் உப்புத் தண்ணீர்தான். அடுத்த நூற்றாண்டில் வந்தவற்றில் பெரும்பாலும் சி.டி.சி. லேபிள் உதிர்ந்துபோனால் திறந்து முகர்ந்து பார்ப்பது முட்டாள்தனம். நூலும் சமையலறைத் தராசும் போதும்.

முதலில் உருண்டையைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். தாங்கியில் வில் வைத்த சுத்தி ஒன்று இருக்கும். அதை எளிதில் உருகும் உலோக இணைப்பு பிடித்திருக்கும். தீச்சூட்டில் இணைப்பு உருகும், சுத்தி அடிக்கும், உருண்டை உடையும். பல பத்தாண்டு இழுவிசையில் அந்த இணைப்பு தளர்ந்துபோயிருக்கலாம். சுத்திக்கும் கண்ணாடிக்கும் நடுவே மர ஆப்பு செருகி, மேலே துணி திணித்த பிறகே உருண்டையில் கை வைத்தார்கள். கீழே மெத்தை விரித்த இரும்பு வாளி. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றார்கள்.

நூலைச் சுற்றி அளந்ததில் சுற்றளவு 34.6 செ.மீ., அதாவது விட்டம் 11 செ.மீ. முழுப் பருமன் 697 மி.லி. கண்ணாடி 3 மி.மீ. தடிமன் என்று வைத்தால் அதன் பங்கு 108 மி.லி., எடை 270 கிராம். உள்ளே 589 மி.லி. இடம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேலாக, 536 மி.லி. திரவம் என்றால், சி.டி.சி.யின் அடர்த்தி 1.59 என்பதால் மொத்த எடை 1,120 கிராம் வர வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் 900-ஐ ஒட்டி. தராசில் ஐந்து உருண்டைகள் 1,120-க்கும் 1,160-க்கும் நடுவே நின்றன. ஒன்று மட்டும் 885. அதன் கழுத்து முத்திரையில் வெள்ளை உப்பும் பூத்திருந்தது. சி.டி.சி. ஆவியானால் அப்படித் தடம் விடாது.

கையுறை விஷயத்தில் ஒரு வார்த்தை. மருத்துவமனை லேட்டக்ஸ் உறையை சி.டி.சி. நிமிடங்களில் ஊடுருவும், வெறும் கையைவிட மோசம், ஏனென்றால் உள்ளே தேங்கிவிடும். மெல்லிய நைட்ரைலும் அப்படியே. தடித்த நைட்ரைல் குறுகிய நேர வேலைக்குத் தாங்கும், திரவம் பட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். என்-95 முகமூடி தூசிக்கு, ஆவிக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. கரி வைத்த ஆவி வடிகட்டி முகமூடி தப்பி ஓட மட்டும் உதவும். உடைந்த உருண்டை கிடக்கும் அறைக்குள் காற்றுச் சிலிண்டர் கட்டிய தீயணைப்பு வீரர்தான் போகலாம். மற்றவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, மேட்டுப் பக்கமாக விலகி 101-ஐ அழைக்க வேண்டும்.

மலையிறக்கம்

ஐந்து உருண்டைகளும் இரண்டு பம்புகளும் அப்படியே அடைக்கப்பட்டன. பம்பைக் காலி செய்து பித்தளையை மட்டும் வைத்துக்கொள்ள உரிமையாளருக்கு ஆசை. சி.டி.சி.யை ஊற்றி எடுக்க உறிஞ்சு விசிறி உள்ள ஆய்வுக்கூடம் வேண்டும், காற்றோட்டமான முற்றம் போதாது. ஒவ்வொன்றையும் தடித்த பாலிதீனில் சுற்றி, வளையப் பூட்டு வைத்த 20 லிட்டர் இரும்பு டப்பாவில், நர்சரியில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்ற லேசான, திரவத்தை உறிஞ்சும் கனிமத் துகளை நிரப்பி நடுவில் வைத்தார்கள். ஒரு உருண்டை உடைந்தாலும் அதன் திரவம் முழுவதையும் குடிக்கும் அளவுக்கு வெர்மிகுலைட். மணல் வேண்டாம், அதன் கனமே கண்ணாடியை அழுத்தும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அலுமினியம், மக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்களோடு சி.டி.சி. வெடிக்கும் அளவுக்கு வினைபுரியக்கூடும். பிளாஸ்டிக் டப்பா மெல்ல இளகும், ஆவியைக் கசியவிடும். அமிலக் கூம்பு தனி மரப் பெட்டியில், நிமிர்ந்தபடி.

ஏற்காட்டிலிருந்து இறக்குவதில் சமவெளிக்காரர்கள் யோசிக்காத ஒரு சிக்கல் உண்டு. உருண்டை பல வருடமாக 18, 20 டிகிரி குளிரில் இருந்தது. சித்திரை வெயிலில் சேலத்தில் மூடிய வண்டிக்குள் 55 டிகிரி சாதாரணம். தண்ணீர் அந்த வித்தியாசத்தில் 1.3 சதவீதம்தான் விரியும். சி.டி.சி. 4.6 சதவீதம் விரியும். 589 மி.லி. உருண்டை ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருந்தால் 27 மி.லி.க்கு இடம் தேடும். கழுத்தில் அவ்வளவு காற்று இடம் இல்லையென்றால் கண்ணாடிதான் வழிவிட வேண்டும். ஐந்தில் இரண்டு உருண்டைகளில் காற்றுக் குமிழி எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. அதனால் விடியற்காலை 5 மணிக்கே வண்டி கிளம்பியது. டிரைவர் கேபினிலிருந்து பிரிந்த திறந்த பின்பகுதி உள்ள வண்டி, டப்பாக்கள் மேல் ஈரச் சாக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டி சாயாதபடி நான்கு பக்கமும் கட்டு. வெயில் ஏறும் முன் அடிவாரம். பஸ்ஸில் மடியில் வைத்தோ, காரின் டிக்கியில் போட்டோ, கூரியரிலோ இதை அனுப்பக் கூடாது.

போன இடம் பழைய இரும்புக் கடை இல்லை. ஹோம்ஸ்டே ஒரு தொழில் என்பதால் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி பெற்ற வண்டியைத்தான் வரவழைத்திருந்தார்கள். ஒப்படைப்புச் சீட்டு படிவம் 10. விதிப்படி 90 நாளுக்கு மேல் இடத்தில் வைத்திருக்கவும் கூடாது. சேருமிடம் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையம். குளோரின் கலந்த கரிமக் கழிவை 1,100 டிகிரிக்கு மேல் எரித்து, புகையிலிருந்து அமிலத்தைக் கழுவியெடுக்கும் உலை வேண்டும். செங்கல் சூளையில் போட்டால் வருவது பாஸ்ஜீன்தான். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் இந்தியாவில் இத்தகைய பயன்பாடுகளுக்கான சி.டி.சி. 2010-இன் தொடக்கத்தோடு நின்றுபோனது. இதே சேலம் மாவட்டத்து மேட்டூரில் ஒரு காலத்தில் அது தயாரானது என்பது இங்கே பலருக்கு நினைவில்லை. இணையத்தில் "நிரம்பிய நிலையில், அபூர்வம்" என்று இந்த உருண்டைகளை விற்பவர்கள் எதை விற்கிறார்கள் என்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் குடோனில் இல்லாத ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும். வால்வு வைத்த, லேபிள் இல்லாத, சிறிய செம்பு அல்லது பித்தளைச் சிலிண்டர் கிடைத்தால் உள்ளே இருப்பது மீத்தைல் புரோமைடு என்ற இன்னொரு பழைய தீயணைப்பு ரசாயனமாக இருக்கலாம். 4 டிகிரியிலேயே கொதிக்கும், கிட்டத்தட்ட வாசமற்றது, சி.டி.சி.யைவிடக் கொடியது. அதை எடைகூடப் போடாமல், அறையைப் பூட்டித் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

வரவேற்பறையில் இப்போது அடி துளைத்த இரண்டு செம்பு உருளைகள் நிற்கின்றன. சமையலறை வாசலில் ஐ.எஸ். 15683 முத்திரையுள்ள 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் மாட்டியாயிற்று. இளைஞரின் இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் மூன்றாவதும் சரியாக வந்தன. வார்னிஷ் கரைந்த மரச் சட்டத்தைத் துடைத்த துணியும் கும்மிடிப்பூண்டிக்கே போனது. 885 கிராம் உருண்டை மட்டும் கண்ணாடி அலமாரியில், பஞ்சு விரித்த பித்தளைத் தட்டில் இருக்கிறது. பக்கத்தில் எடை, விட்டம், "உப்புத் தண்ணீர், திறக்க வேண்டாம்" என்று எழுதிய அட்டை.